லாட்டரி வித்த காசுல ஓடின சைக்கிள்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சற்றுத் திருத்தப்பட்டது.)

இன்னைக்கு ஒரு சைக்கிள் டீமோட கதை. ஸ்பெயின் நாட்டு டீம். 1989-ல ஆரம்பிச்சு 2003 வரைக்கும் பதினஞ்சு சீசன் ஓடுச்சு. அந்த நாட்டோட பெரிய பந்தயமான வுவெல்டாவை நாலு தடவை ஜெயிச்சுது. தொண்ணூறுகள்ல ஐரோப்பிய சைக்கிள் பந்தயம் பார்த்தவங்களுக்கு அந்த மஞ்சள் சட்டை நல்லாவே ஞாபகம் இருக்கும்.

ஆனா நான் இந்தக் கதைக்கு வந்தது சைக்கிள் வழியா இல்ல, லாட்டரி வழியா. அந்த டீமுக்கு முக்கியமாப் படியளந்தது பேங்கோ செல்போன் கம்பெனியோ கிடையாது. தெருமுனையில நின்னு லாட்டரிச் சீட்டு வித்த பார்வையற்ற மக்களோட அமைப்பு.

எனக்கு ஊர் அருப்புக்கோட்டை. சிவகாசி எங்களுக்கு ஒன்றரை மணி நேரத்துக்குள்ள பஸ். இந்தியாவுல பல மாநிலங்களோட லாட்டரிச் சீட்டு அச்சாகிப் போன ஊர் அது. லாட்டரி வித்துப் பிழைச்சவங்களையும் லாட்டரி வாங்கி அழிஞ்ச வீடுகளையும் எங்க பக்கம் ரெண்டு தலைமுறைக்குத் தெரியும். அதனால லாட்டரிக் காசுல ஒரு சாம்பியன் டீம் ஓடுச்சுன்னு படிச்சதும் எனக்கு ஒரு கேள்வி வந்துச்சு. சீட்டு விக்கிறவர் அங்கயும் இருந்தார், இங்கயும் இருந்தார். அங்க அவரால எப்படி ஒரு டீமையே வச்சுக்க முடிஞ்சுது? இங்க அவர் ஏன் காணாமப் போனார்? இந்த எபிசோடு முழுக்க இதுதான்.

டிக்கெட் இல்லாத விளையாட்டு

முதல்ல இந்த விளையாட்டோட கணக்கைப் புரிஞ்சுக்கணும். கிரிக்கெட்டுக்கு ஸ்டேடியம் இருக்கு, கேட் இருக்கு, டிக்கெட் இருக்கு. ரோடு ரேஸுக்கு எதுவும் கிடையாது. ஒரு நாளைக்கு 150, 200 கிலோமீட்டர், ஊர் ஊரா, மலை மலையாப் போவாங்க. நம்ம ஊர்ல தேர் வரும்போது வாசல்ல நின்னு பார்க்கிற மாதிரி ரோட்டோரம் நின்னு யார் வேணா ஓசியில பார்க்கலாம். அப்ப ஓட்டுறவனுக்குச் சம்பளம் எங்கிருந்து வரும்?

ஆரம்பத்துல பத்திரிகைங்க கொடுத்துச்சு. 1903-ல டூர் டி பிரான்ஸை ஆரம்பிச்சதே லோட்டோங்கிற விளையாட்டுப் பத்திரிகை, சர்குலேஷனை ஏத்துறதுக்காக. அந்தப் பேப்பர் மஞ்சள் தாள்ல அச்சாகும். அதான் 1919-ல இருந்து முதல் இடத்துல இருக்கிறவருக்கு மஞ்சள் சட்டை. ஸ்பெயின்ல 1935-ல வுவெல்டாவை ஆரம்பிச்சதும் ஒரு பத்திரிகைதான். பேரு இன்ஃபர்மாசியோனெஸ்.

அப்புறம் கம்பெனிங்க வந்தாங்க. சட்டையில எங்க பேரைப் போட்டுக்க, சம்பளம் நாங்க தர்றோம். ஸ்பெயின்ல காஸ்னு ஒரு டீம், அது கூல்ட்ரிங்க்ஸ் கம்பெனி. கெல்மேன்னு ஒரு டீம், ஷூ கம்பெனி. ரெய்னால்ட்ஸ்னு ஒரு டீம் 1980-ல ஆரம்பிச்சுது. அதுதான் பின்னாடி பனெஸ்தோங்கிற பேங்க் பேர்ல ஓடுச்சு. 1991-ல இருந்து 1995 வரைக்கும் தொடர்ந்து அஞ்சு டூர் ஜெயிச்ச மிகேல் இந்துராயின் அந்த டீம்தான். அதே டீம் இன்னைக்கு மோவிஸ்டார்ங்கிற செல்போன் கம்பெனி பேர்ல ஓடுது. ஓனர் மாறினா போர்டு மாறுற ஓட்டல் மாதிரி. மாஸ்டர் அவரேதான், அடுப்பும் அதேதான், பேரு மட்டும் புதுசு.

இதுல உள்ள ஆபத்து உங்களுக்கே புரியும். கம்பெனிக்கு அலுத்துப்போனா டீம் காலி. சைக்கிள் டீமுக்குச் சொந்தமா மைதானம் இல்ல, டிக்கெட் வருமானம் இல்ல. சட்டையில இருக்கிற பேருதான் அதோட மொத்த உயிர்.

இப்படிப்பட்ட உலகத்துக்குள்ளதான் 1989-ல ஒரு புதுப் பேரு வந்துச்சு. ஓன்தே.

பதினொன்னு

ஸ்பானிஷ்ல ஓன்தேன்னா பதினொன்னு. ஆனா இது ஒரு சுருக்கப் பேரு. விரிச்சா, ஸ்பெயின் பார்வையற்றோர் தேசிய அமைப்பு. 1938 டிசம்பர் 13-ல ஆரம்பிச்சது. உள்நாட்டுப் போர் அப்ப இன்னும் முடியல. பிராங்கோ தரப்பு அரசாங்கம் ஒரு ஆணை போட்டு இதை உருவாக்குச்சு.

ஆனா யோசனை அரசாங்கத்தோடது இல்ல. அதுக்கு முன்னாடியே ஆண்டலூசியா, கட்டலோனியா, கிழக்குக் கடற்கரைப் பக்கமெல்லாம் பார்வையற்றவங்க தாங்களாவே சங்கம் வச்சு, குலுக்கல் சீட்டு வித்துப் பிழைச்சுக்கிட்டிருந்தாங்க. பிச்சை எடுக்கிறதுக்குப் பதிலா சீட்டு. அரசாங்கம் செஞ்சது அதை நாடு முழுக்க ஒரே அமைப்பாக்கி, விக்கிற உரிமையைச் சட்டமாக் கொடுத்ததுதான். பேரு குப்போன். 1939-ல முதல் குலுக்கல்.

பிராங்கோவுக்கு இதுல லாபம் உண்டு. போர்ல நொந்துபோன நாடு. உதவித்தொகை கொடுக்கக் கஜானாவுல காசில்ல. இந்தாங்க சீட்டு, நீங்களே சம்பாதிச்சுக்கோங்கன்னு சொல்றது மலிவான வழி. தலைமையில யார் இருக்கணும்ங்கிறதையும் மேல இருந்துதான் முடிவு பண்ணாங்க. அதனால இதைப் பெரிய புரட்சின்னு நான் சொல்லமாட்டேன்.

ஆனா ஒரு விஷயம் அந்த ஆணையில பதிஞ்சுபோச்சு. சீட்டு விக்கிறவங்களும், சீட்டை நடத்துற அமைப்பும், வர்ற லாபத்துல பயன்பெறுறவங்களும் ஒரே ஆளுங்க. அந்தக் காசுலதான் பார்வையற்ற குழந்தைங்களுக்குப் பள்ளிக்கூடம், பிரெய்ல் நூலகம், தொழிற்பயிற்சி எல்லாம் நடந்துச்சு.

1975-ல பிராங்கோ செத்தார். நாட்டுல ஜனநாயகம் வந்துச்சு. எண்பதுகளோட தொடக்கத்துல இந்த அமைப்புக்குள்ளயும் தேர்தல் வந்துச்சு. தலைமையை உறுப்பினர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தாங்க. அதுவரைக்கும் மாகாணத்துக்கு ஒரு குலுக்கல். 1984-ல நாடு முழுக்க ஒரே குலுக்கல்னு மாத்தினாங்க. பரிசு பெரிசாச்சு, விற்பனை எகிறுச்சு. 1986-ல மிகேல் துரான்கிறவர் அமைப்போட தலைமை நிர்வாகி ஆனார். அவருக்கும் பார்வை கிடையாது. அவர் காலத்துலதான் ஓன்தே ஒரு ரேடியோ நெட்வொர்க்கும், புதுசா வந்த தனியார் டிவி சேனல் ஒண்ணுல பங்கும் வச்சுக்கிற அளவுக்கு வளர்ந்துச்சு. 1988-ல ஓன்தே அறக்கட்டளைன்னு ஒண்ணு. பார்வையற்றவங்க சம்பாதிச்ச காசுல மத்த மாற்றுத்திறனாளிகளுக்கும் வேலையும் வசதியும் உண்டாக்குறதுக்காக.

இதோட தொடர்ச்சிதான் சைக்கிள் டீம்.

ஏன் சைக்கிள்?

பார்வையற்றோர் அமைப்புக்குச் சைக்கிள் டீம் எதுக்குன்னு நீங்க கேக்கலாம். அந்தக் காசுக்கு இன்னொரு பள்ளிக்கூடம் கட்டியிருக்கலாமே?

ஒரு காரணம் நேரடியான வியாபாரம். 1985-ல ஸ்பெயின் அரசாங்கம் பிரிமித்திவாங்கிற நம்பர் லாட்டரியை மறுபடி கொண்டுவந்துச்சு. அதோட குலுக்கல் கோடிக்கணக்குல. தெருமுனைச் சீட்டு இதோட போட்டி போடணும்னா விளம்பரம் வேணும். வுவெல்டா நடக்கிற மூணு வாரமும் டிவியில தினமும் மணிக்கணக்கா சைக்கிள்தான். ஊர் பூரா அந்த நாலு எழுத்தைப் பார்க்கும்.

இன்னொரு காரணம் இருக்குன்னு நான் நினைக்கிறேன். நாற்பது அம்பது வருஷமா ஜனங்க அந்தச் சீட்டைப் பாவம் பார்த்தும் வாங்கினாங்க. கண்ணு தெரியாத மனுஷன், ஒண்ணு வாங்குவோம்னு. நம்ம ஊர்லயும் ரயில்ல ஊதுபத்தி விக்கிறவர்கிட்ட வாங்குறப்ப பாதிப் பேர் மனசுல அதானே ஓடுது? அந்தப் பேரை ஐரோப்பாவோட கஷ்டமான விளையாட்டுல, மலை உச்சியில முதலா வர்ற ஆளோட நெஞ்சுல எழுதினா என்ன ஆகும்? அதே பேரு வேற மாதிரி கேக்கும். பாவம்ங்கிற வார்த்தை அங்க எடுபடாது.

டீமை நடத்த மனோலோ சாயிஸ்னு ஒருத்தரை எடுத்தாங்க. அவர் புரொபஷனலா ரேஸ் ஓட்டினவரே கிடையாது. உடற்கல்வி படிச்சவர். அந்தக் காலத்து டீம் மேனேஜருங்க பெரும்பாலும் ரிட்டயர் ஆன வீரருங்க. நடுவுல இவர் மட்டும் பயிற்சி, டயட், காத்தோட கணக்குன்னு பேசிக்கிட்டு வந்தார். 1991-ல அந்த டீமோட மெல்ச்சோர் மௌரி வுவெல்டாவை ஜெயிச்சார். ரெண்டாவது வந்தது யாருன்னு பாருங்க, இந்துராயின். அதே வருஷம் ஜூலையில முதல் டூரை ஜெயிக்கப்போற இந்துராயின்.

இதுல ஒரு தமாஷ் உண்டு. ஓன்தேவோட சட்டை மஞ்சள். டூர் டி பிரான்ஸ்லயோ மஞ்சள் சட்டை முதலிடத்துக்காரருக்கு மட்டும்தான். அதனால டூருக்குப் போறப்ப மட்டும் இவங்க பிங்க் கலர் போட்டுக்கிட்டு ஓட்டுவாங்க.

ஆடிக்காத்தும் ஒன்பது பேரும்

சைக்கிள் ஓட்டுறது தனி ஆள் வேலைதானே, அதுல டீம் எதுக்குன்னு கேக்கிறவங்களுக்கு எங்க ஊர் ரோட்டை வச்சுச் சொல்றேன்.

திருச்சுழியில இருந்து அருப்புக்கோட்டைக்கு ஆடி மாசம் சைக்கிள் மிதிச்சிருக்கீங்களா? தூரம் பதினஞ்சு கிலோமீட்டருக்குள்ளதான். மேடு பள்ளம் பெருசா இல்ல. ரெண்டு பக்கமும் காய்ஞ்ச காடு, சீமைக்கருவேலம், தண்ணி இல்லாத கண்மாய். ஆனா மேற்கேருந்து வர்ற காத்து நேரா மூஞ்சியில அறையும். அப்ப விவரமானவன் என்ன பண்ணுவான்? வைக்கோல் ஏத்தின டிராக்டர் ஒண்ணு மெதுவாப் போச்சுன்னா அது பின்னாடியே ஒட்டிக்குவான். காத்தை டிராக்டர் வாங்கிக்கும். இவன் பாதி மூச்சுல ஊர் வந்து சேர்ந்துடுவான்.

ரோடு ரேஸோட மொத்த சூட்சுமமும் இதுதான். முன்னாடி போறவர் காத்தை உடைப்பார். பின்னாடி வர்றவருக்கு உழைப்பு வெகுவாக் குறையும். ஒரு டீம்ல ஒன்பது பேர் இருந்தா, எட்டுப் பேர் மாத்தி மாத்தி டிராக்டர் வேலை பார்த்து, ஒருத்தரைக் கடைசி மலை வரைக்கும் களைப்பில்லாம கொண்டுபோய் விடுவாங்க. ஜெயிச்சவர் பேருதான் பேப்பர்ல வரும். காத்து வாங்கினவங்க பேரு வராது.

இதோட சுத்தமான வடிவம் டீம் டைம் டிரையல். மொத்த டீமும் ஒண்ணா வரிசையாப் போகணும். அப்பல்லாம் அஞ்சாவது ஆள் கோட்டைத் தாண்டுற நேரம்தான் டீமோட நேரம். ஒருத்தர் மட்டும் பறந்தா பிரயோஜனம் இல்ல. இதுல ஓன்தே கெட்டிக்கார டீம். 2000-லயும் 2002-லயும் டூர் டி பிரான்ஸ்ல இந்தப் போட்டியை ஜெயிச்சாங்க. சாயிஸ் பின்னாடி கார்ல வந்துக்கிட்டே கத்திக்கிட்டிருப்பார். ஓட்டுறவங்க தலையைக் குனிஞ்சு, முன்சக்கரத்துக்கு ஒரு சாண் முன்னால இருக்கிற அடுத்தவர் சக்கரத்தை மட்டும் பார்த்துக்கிட்டு, அந்தக் குரலைக் கேட்டு மிதிப்பாங்க.

அந்த டீமோட பெரிய நட்சத்திரம் லோரான் ஜலபெர்ங்கிற பிரெஞ்சுக்காரர். 1994 டூர்ல முதல் ஸ்டேஜோட கடைசி மீட்டர்கள்ல, ரோட்டோரம் காவலுக்கு நின்ன போலீஸ்காரர் ஒருத்தர் போட்டோ எடுக்க முன்னாடி சாய, அதனால நடந்த விபத்துல இவர் முகமெல்லாம் உடைஞ்சுது. வேகமா முடிக்கிற ஸ்பிரின்டர்னு பேரெடுத்தவர். அடுத்த வருஷம் ஆளே மாறி மலையேறுறவரா வந்தார். 1995 ஜூலை 14, பிரெஞ்சு தேசிய நாள். மாந்த்ங்கிற ஊருக்குப் போற ஸ்டேஜ்ல ஆரம்பத்துலயே ஒரு சின்னக் கூட்டம் பிரிஞ்சு முன்னாடி போச்சு. அதுல ஜலபெரும் இருந்தார், கூடவே அதே டீமோட மௌரியும் நீல் ஸ்டீஃபன்ஸும். ரெண்டு பேரும் நாள் பூரா இவருக்காகக் காத்து வாங்கினாங்க. பின்னாடி மஞ்சள் சட்டையில இருந்த இந்துராயினோட டீம் பதறிப்போய் துரத்துச்சு. கடைசி ஏத்தத்துல ஜலபெர் தனியாப் போய் ஜெயிச்சார். அந்த ஏத்தத்துக்கு இன்னைக்கு அவர் பேருதான்.

அதே வருஷம் செப்டம்பர்ல வுவெல்டாவையும் அவர் ஜெயிச்சார். அதுல சியர்ரா நெவாடா மலை மேல, நாள் முழுக்கத் தனியா ஓட்டி வந்த பெர்ட் டீட்ஸ்ங்கிற ஜெர்மன் வீரரைக் கடைசியில எட்டிப் பிடிச்சார். தாண்டிப் போகாம, ஸ்டேஜை அவருக்கே விட்டுக்கொடுத்தார். 1996, 1997 ரெண்டு வருஷமும் வுவெல்டா ஓன்தேவோட அலெக்ஸ் சூல்லெ கைக்குப் போச்சு. மௌரியோட சேர்த்து மொத்தம் நாலு.

இளகின தார்

அடுத்து முடிவு. 2003 ஜூலை 14. அதே தேசிய நாள், எட்டு வருஷம் கழிச்சு.

ஐரோப்பாவுல அந்த வருஷம் கடுமையான வெயில். ஹோசெபா பெலோகின்னு ஓன்தே வீரர், லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்குக்கு ரொம்ப நெருக்கமா ரெண்டாவது இடத்துல இருக்கார். காப்ங்கிற ஊருக்கு மலையிலிருந்து இறங்குற பாதை. எங்க பக்கம் கத்திரி வெயில்ல தார் இளகிச் செருப்பு ஒட்டுமே, அதே மாதிரி அங்க ரோடு இளகிக் கிடக்கு. ஒரு வளைவுல பெலோகியோட பின்சக்கரம் அதுல சறுக்க, அப்படியே தரையில அடிச்சு விழுந்தார். தொடை எலும்பு, முழங்கை, மணிக்கட்டு மூணும் போச்சு. பின்னாடியே வந்த ஆம்ஸ்ட்ராங் அவர் மேல மோதாம இருக்க ரோட்டை விட்டு வயக்காட்டுக்குள்ள இறங்கி, குறுக்கே ஓட்டி, கீழே ரோட்டுல போய்ச் சேர்ந்தார். அந்த வீடியோவை நிறைய பேர் பார்த்திருப்பீங்க. கீழே கிடந்து வலியில கத்தின மனுஷன் எந்த டீம்னு யாரும் கவனிக்கிறதில்ல.

அந்த சீசனோட ஓன்தே விலகிக்கிச்சு. 2004-ல அதே டீம் லிபர்டிங்கிற இன்ஷூரன்ஸ் கம்பெனி பேர்ல ஓடுச்சு. 2006 மே மாசம் ஸ்பெயின் போலீஸ் ஊக்கமருந்து வலைப்பின்னல் ஒண்ணை உடைச்சாங்க. ஆப்பரேஷன் பூவெர்த்தோன்னு பேரு. கைதானவங்கள்ல மனோலோ சாயிஸும் ஒருத்தர். ரெண்டே நாள்ல ஸ்பான்சர் ஓடிப்போச்சு. 2013-ல கோர்ட் சாயிஸைக் குற்றமற்றவர்னு விடுவிச்சுது. ஆனா டீம் திரும்பி வரல. அதே 2013-ல பிரெஞ்சு செனட் வெளியிட்ட அறிக்கையில, 1998 டூரோட பழைய மாதிரிகளை மறுபடி சோதிச்சப்ப ஊக்கமருந்து தெரிஞ்ச வீரர்கள்ல ஜலபெர் பேரும் இருந்துச்சு. ஆம்ஸ்ட்ராங்கோட ஏழு டூர் பட்டமும் 2012-லயே பறிபோயிருந்துச்சு. அந்தக் கால சைக்கிள் கதை எதையும் இதைச் சொல்லாம முடிக்க முடியாது. இங்கயும் அந்தக் கறை உண்டு.

அந்தக் காசைச் சம்பாதிச்சுக் கொடுத்தவங்க யாருன்னு நினைச்சா அந்தக் கறை இன்னும் உறுத்தும். வெயில்லயும் குளிர்லயும் தெருமுனையில நின்னவங்க.

அதே வருஷம், இங்க

டீம் முடிஞ்சது 2003 கடைசியில. அதே 2003 ஜனவரியில தமிழ்நாட்டுல லாட்டரி முடிஞ்சுது. ரெண்டுக்கும் சம்பந்தம் கிடையாது. ஆனா பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்க்க வேண்டிய கதைகள்.

இந்தியாவுல மாநில அரசு லாட்டரியை முதல்ல ஆரம்பிச்சது கேரளா, 1967-ல. அடுத்த வருஷம் அண்ணா முதல்வரா இருந்தப்ப தமிழ்நாடு பரிசுச்சீட்டு வந்துச்சு. "விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு"ங்கிற வாசகம் உங்க தாத்தா பாட்டிக்கு ஞாபகம் இருக்கும். பின்னாடி பூடான், சிக்கிம், நாகாலாந்துன்னு வெளியூர்ச் சீட்டுங்க எல்லாம் தமிழ்நாட்டுத் தெருவுக்கு வந்துச்சு.

அச்சு வேலை சிவகாசிக்கு வந்தது தற்செயல் இல்ல. 1920-கள்ல தீப்பெட்டித் தொழில் வந்துச்சு. தீப்பெட்டிக்கு லேபிள் வேணும், அதனால அச்சகம் வந்துச்சு. அப்புறம் காலண்டர், பட்டாசு லேபிள், லாட்டரி. மழையை நம்ப முடியாத பூமியில, மழை தேவைப்படாத தொழில். ஒரு நம்பர் விடாம, ஒரு நம்பர் ரெண்டு தடவை வராம லட்சக்கணக்குல அச்சடிக்கிறது சும்மா இல்ல. அதைக் கத்துக்கிட்டது எங்க மாவட்டத்து ஆளுங்க.

அச்சடிச்ச சீட்டுல ஒரு பகுதி சுத்தி எங்க ஊருக்கே வரும். அருப்புக்கோட்டை நெசவு ஊர். தறியில வாரக்கூலி வாங்கின கையோட சீட்டு வாங்கினவங்க நிறைய. ஒரே நாள்ல பல குலுக்கல், ஒத்த நம்பர் லாட்டரின்னு வந்தப்ப அது சூதாட்டமே ஆகிப்போச்சு. கூலி வீடு வந்து சேராத சனிக்கிழமைகளைப் பத்தி எங்க தெருவுல அத்தைங்க இன்னும் பேசுவாங்க. 1998-ல மத்திய அரசு சட்டம் போட்டு ஒத்த நம்பரைத் தடுத்துச்சு, வாரம் ஒரு குலுக்கல்னு கட்டுப்பாடும் வச்சுது. ஒரு மாநிலம் தன் லாட்டரியை வச்சுக்கிட்டு அடுத்த மாநிலத்துதை மட்டும் தடுக்க முடியாதுன்னும் ஆச்சு. அதனால 2003-ல ஜெயலலிதா அரசு தடை போட்டப்ப சொந்தச் சீட்டையும் சேர்த்தே மூடுச்சு. அந்தத் தடை தப்புன்னு நான் சொல்ல வரல. எங்க ஊர்ல அதனால அடுப்பெரிஞ்ச வீடுகள் உண்டு.

ஆனா வித்தவர் என்ன ஆனார்?

லாட்டரி வித்தவங்கள்ல மாற்றுத்திறனாளிகள் நிறைய பேர் இருந்தாங்க. மூணு சக்கர சைக்கிள், அதுல ஒரு பலகை, பலகையில கிளிப் போட்டுத் தொங்குற சீட்டு, சிலர்கிட்ட சின்ன மைக். எங்க பக்கம் பஸ் ஸ்டாண்டுகிட்ட அப்படி ஒரு அண்ணன் இருந்தார்னு அப்பா சொல்லுவார். போலியோ பாதிச்ச கால். யார்கிட்டயும் கை நீட்டாம, தங்கச்சி கல்யாணத்தைத் தன் சம்பாத்தியத்துல நடத்தினவர். தடை வந்த மறுநாள் அந்தப் பலகை காலி. கொஞ்ச நாள் பேனா, சீப்பு வித்துப் பார்த்தார். அப்புறம் அந்த இடத்துல அவரைக் காணோம்.

யாருக்குச் சொந்தம்

ரெண்டு பக்கமும் ஒரே பொருள்தான். தாள், நம்பர், நாளைக்குப் பணக்காரன் ஆகலாம்ங்கிற நப்பாசை. வாங்குறவங்க பெரும்பாலும் சாதாரண ஜனங்க. அதனால ஸ்பெயின் லாட்டரி புனிதம், நம்ம லாட்டரி பாவம்னு பிரிக்க முடியாது. அங்கயும் யாரோ ஒரு கூலிக்காரர் காசுலதான் ஜலபெர் சைக்கிள் ஓட்டினார்.

வித்தியாசம் அமைப்புல இருந்துச்சு. இங்க மேல அரசாங்கம், அதுக்குக் கீழ மொத்த ஏஜென்ட், அப்புறம் சில்லறை ஏஜென்ட், கடைசியில தெருவுல நிக்கிறவர். சங்கிலியோட கடைசிக் கண்ணி அவர்தான். அவருக்கு அந்தத் தொழில்ல இருந்த ஒரே உறவு கமிஷன். விக்காம நின்ன சீட்டு அவர் தலையில. தொழிலை எப்படி நடத்தணும், எத்தனை குலுக்கல் வைக்கணும், லாபத்தை எதுக்குச் செலவு பண்ணணும்னு அவரை யாரும் கேட்டதில்ல. மூடுறப்பவும் கேக்கல. கேக்கணும்னு யாருக்கும் தோணக்கூட இல்ல, ஏன்னா அவர் சங்கிலிக்குள்ள ஒரு ஆளாவே எண்ணப்படல.

அங்க சீட்டு வித்தவர் அமைப்போட ஊழியர். சம்பளம் உண்டு, சமூகப் பாதுகாப்பு உண்டு. பார்வையற்றவரா இருந்தா உறுப்பினர். தலைமையைத் தேர்ந்தெடுக்க ஓட்டு உண்டு. சைக்கிள் டீம் வைக்கிறது சரியா தப்பான்னு திட்டவும் உரிமை உண்டு. அதனாலதான் டீம் போன பிறகும் ஓன்தே நிக்குது. இன்னைக்கும் சுமார் எழுபதாயிரம் பார்வையற்றவங்க அதுல உறுப்பினர். தெருமுனைக் கூண்டுகள் இன்னும் இருக்கு. சைக்கிள் போச்சு, சீட்டு நின்னுச்சு. மத்த டீம்கள்ல கம்பெனி மூழ்கினா சட்டை மூழ்கும். இங்க சட்டை போனதுல அமைப்புக்கு ஒண்ணும் ஆகல.

நடுவுல கேரளா இருக்கு. லாட்டரி இன்னும் ஓடுது. காருண்யாங்கிற சீட்டோட வருமானம் ஏழைகளோட மருத்துவச் செலவுக்குப் போச்சு. ஏஜென்டுகளுக்கும் விக்கிறவங்களுக்கும் நலநிதி வாரியம் இருக்கு. ஸ்பெயின் மாதிரி சொந்தம் கிடையாது. ஆனா விக்கிறவர்னு ஒருத்தர் இருக்கார், அவருக்கு வயசாகும், உடம்புக்கு முடியாமப் போகும்னு யாரோ யோசிச்சிருக்காங்க.

நான் வேலை பார்க்கிற சாஃப்ட்வேர் உலகத்துலயும், உங்க போனுக்குள்ளயும் இதே சங்கிலிதான். சாப்பாடு கொண்டு வர்றவர், வண்டி ஓட்டுறவர், ஆர்டருக்கு இவ்வளவுன்னு கமிஷன். ஆப்போட விதிகளை மாத்துறப்ப அவரை யாரும் கேக்கிறதில்ல. நாளைக்கு அந்த ஆப் மூடினா அவர் எங்க போவார்? லாட்டரி விக்கிற அண்ணனுக்கு 2003-ல நடந்ததைச் சரியாப் படிச்சிருந்தா இந்தக் கேள்வி நமக்குப் புதுசா இருக்காது.

ஒரு வேண்டுகோளோட முடிக்கிறேன். சிவகாசியில லாட்டரி அச்சடிச்சவங்க, விருதுநகர், அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் சீட்டு வித்தவங்க, உங்க வீட்டுலயோ தெருவுலயோ யாராவது இருந்தா அவங்ககிட்ட ஒரு மணி நேரம் உக்காந்து பேசுங்க. போன்ல ரெக்கார்ட் பண்ணுங்க. அப்ப கமிஷன் எவ்வளவு, ஒரு நாளைக்கு எத்தனை சீட்டு, தடை வந்த மறுநாள் என்ன பண்ணீங்க, இந்த மூணையும் மறக்காம கேளுங்க. ஓன்தே வீரருங்க ஒவ்வொரு ஸ்டேஜ்லயும் எத்தனாவது வந்தாங்கன்னு இன்னைக்கும் தேடினா கிடைக்கும். நம்ம ஊர்ல சீட்டு வித்தவங்க பேரு எந்தப் பட்டியல்லயும் கிடையாது. கேட்டு வச்சாத்தான் உண்டு.